ஒரு தட்டு பிஸ்கட்டுக்கு ஒரு கரும்பு

அன்புள்ள கரும்பு வெட்டும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டுக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உங்களில் பலரை முகம் பார்த்தால் தெரியும், பெயர் தெரியாது. ஆலையில் அரவை தொடங்கிவிட்டால், இருட்டு பிரியுமுன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு, தூக்குவாளியும் கத்தியுமாக வண்டி ஏறுகிறவர்கள் நீங்கள். சாயங்காலம் நீங்கள் திரும்புகிற நேரத்தில் எங்கள் தெருவில் வெண்ணெயும் ஏலக்காயும் மணக்கும். கிறிஸ்துமஸ் பலகாரம் போடுகிற நாட்கள் அவை. அந்தப் பலகாரத்துக்காகத்தான் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

முந்திரி வாங்கினால் பண்ருட்டி முந்திரி என்று ஊர்ப்பெயரோடு சொல்கிறோம். சர்க்கரையை மட்டும் "ஒரு கிலோ சர்க்கரை" என்று வாங்கி டப்பாவில் கொட்டிவிடுகிறோம். அதற்கு ஊர் இல்லை, வயல் இல்லை, ஆள் இல்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையை நோக்கி வரிசைகட்டிப் போகிற இந்த ஊரிலேயே இப்படி என்றால், மற்ற ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது. கடைப் பொட்டலத்தில் இருப்பது எந்த ஆலைச் சர்க்கரை, எந்த வயல் கரும்பு என்று எனக்கும் தெரியாதுதான். அதனால் இந்த நன்றி நம் ஊர் வெட்டாட்களோடு நிற்கவில்லை. நெல்லிக்குப்பத்திலும் பெண்ணாடத்திலும் வெட்டுகிறவர்களுக்கும், வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்து வயலோரம் கொட்டகை போட்டுத் தங்கி வெட்டுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் தட்டில் அச்சு முறுக்கும் கலகலாவும் டைமன் கட்ஸும் இல்லாமல் இருக்காது. டைமன் கட்ஸுக்கு மைதா, பொடித்த சர்க்கரை, முட்டை, நெய் எல்லாம் பிசைந்து, பலகையில் கொஞ்சம் தடிமனாகத் தேய்த்து, சோமாசிக் கரண்டியின் பல்சக்கரத்தால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தால் துண்டு துண்டாக வந்துவிடும்; எண்ணெயில் பொரித்து எடுக்க வேண்டியதுதான். இப்போது பிள்ளைகளுக்கு அது மட்டும் போதவில்லை. நட்சத்திரம், மணி, மரம் என்று அச்சால் வெட்டி, சுட்டு, மேலே வெள்ளைச் சர்க்கரைப் பாகு பூசிய பிஸ்கட் வேண்டும். வெட்டும் அச்சு இல்லாவிட்டால் சில்வர் டம்ளரின் விளிம்பே போதும், முழு நிலா வரும். அதன் ஓரத்தில் பாட்டில் மூடியை வைத்து அழுத்தினால் பிறை வரும்.

ஓவன் இல்லாத வீட்டிலும் சுடலாம். அடிகனமான குக்கரில் இரண்டு கப் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு மூடிப் பத்து நிமிடம் சூடாக்க வேண்டும். பிறகு நெய் தடவிய தட்டில் பிஸ்கட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி உள்ளே இறக்கி, தீயைச் சிம்மில் வைத்துவிட வேண்டும். இருபது நிமிடத்துக்குள் ஓரம் பொன்னிறமாகும். நடுப்பகுதி தொட்டால் இன்னும் மெத்தென்றுதான் இருக்கும். பதறாமல் எடுத்து ஆறவிட்டால் தானே மொறுமொறுப்பாகிவிடும். வேகட்டும் என்று கூடுதலாக விட்டவர்கள் கல்லைத்தான் கடிப்பார்கள்.

ஒரு ஈடுக்குக் கால் கிலோ மைதா, 125 கிராம் வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை, ஒரு முட்டையின் மஞ்சள்கரு, ஒரு சிட்டிகை உப்பு. இந்த 100 கிராம் சர்க்கரை என்ன வேலையெல்லாம் செய்கிறது என்பது பிசைந்த கைக்குத்தான் தெரியும். இனிப்பு அதன் பல வேலைகளில் ஒன்று மட்டுமே. மைதாவில் ஈரம் சேர்ந்தால் இழுவை வரும். பரோட்டாவுக்கு அது வேண்டும், பிஸ்கட்டுக்குக் கூடாது. சர்க்கரை அந்த ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால்தான் பிஸ்கட் கடித்ததும் உடைகிறது. ஓரத்துப் பொன்னிறத்திலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதையே முழுக் குருணையாகப் போட்டால் சூட்டில் மெதுவாகக் கரைந்து மாவைப் பரத்திவிடும். நட்சத்திரத்தின் முனைகள் மழுங்கி வெறும் வட்டமாகிவிடும். மிக்ஸியில் ஏலக்காயோடு நைஸாகப் பொடித்துச் சலித்துப் போட்டு, வெட்டிய துண்டுகளை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துச் சுட்டால் ஐந்து முனையும் கூராக நிற்கும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நூறு கிலோ கரும்பை ஆலையில் பிழிந்தால் கிடைக்கும் சர்க்கரை சுமார் 9 முதல் 10 கிலோ. நிலத்தையும் ரகத்தையும் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். அப்படியானால் என் 100 கிராம் சர்க்கரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரும்பு வேண்டும். நன்றாக விளைந்த ஆலைக் கரும்பு ஒன்றின் எடையே அவ்வளவுதான் வரும். ஆக, ஒரு தட்டு பிஸ்கட்டுக்கு ஒரு கரும்பு. உங்களில் யாரோ ஒருவர் குனிந்து, அடியில் ஒரு வெட்டு, நுனியில் ஒரு வெட்டு. கிறிஸ்துமஸுக்கென்று ஒரு வீட்டில் இரண்டு கிலோ சர்க்கரை செலவானால் இருபது கரும்பு. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு சர்க்கரை டப்பாவை என்னால் பழையபடி திறக்க முடியவில்லை.

அந்த அடிவெட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரும்பில் சர்க்கரை அதிகம் இறங்கியிருப்பது அடிப்பாகத்தில்தான். அரை சாண் விட்டு வெட்டினால் விவசாயிக்கு எடை நட்டம், ஆலைக்குச் சர்க்கரை நட்டம், அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பும் சரியாக வராது. ஆகவே தரையோடு தரையாக, மண் மட்டத்தில் வெட்ட வேண்டும். அதற்கு ஒவ்வொரு கரும்புக்கும் இடுப்பு வளைய வேண்டும். ஒரு நாளில் ஓர் ஆள் வெட்டுவது ஏறக்குறைய ஒரு டன் என்றால், எத்தனை நூறு தடவை குனிந்து நிமிர்ந்தீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. சோகையின் ஓரம் கையைக் கீறும்; சுணை கழுத்தில் இறங்கி அரிக்கும். சோகை உரித்து, கொழுந்தாடையைக் கழித்து, கட்டாகக் கட்டி, தலையில் தூக்கிப் பலகையேறி வண்டியில் அடுக்குவது வரை உங்கள் வேலைதான். அதிலும் தாமதம் கூடாது. வெட்டிய கரும்பு ஒரு நாளைத் தாண்டிக் கிடந்தால் எடையும் குறையும், உள்ளிருக்கும் சர்க்கரையும் கெடத் தொடங்கும். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்த பிறகு மழை, வெயில், காய்ச்சல் எதையும் பார்க்க முடியாத வேலை உங்களுடையது.

நம் மாவட்டம் சர்க்கரைக்குப் புதியதல்ல. நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை 1842 முதலான வரலாறு உடையது. 1914-ல் அதே ஊரில்தான் பாரி மிட்டாய்த் தொழிற்சாலையும் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பல தலைமுறை சப்பிய மிட்டாய் கடலூர்க் கரும்பின் பக்கத்தில் பிறந்தது. கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தந்த கோ.க. 671 ரகம், சர்க்கரைச் சத்துக்குப் பேர்போனது. மராட்டியம், குஜராத் விவசாயிகள் வரை அதைத் தேடி நட்டார்கள். ஆலை முதலாளிகளையும் ஆராய்ச்சியாளர்களையும் எழுதிவைத்த வரலாறு, வெட்டியவர்களை எழுதவில்லை.

அச்சால் வெட்டிச் சுடும் இந்த பிஸ்கட்டின் பூர்வீகத்தைத் தேடினாலும் அதே கதைதான். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத் என்ற ஊரில், 18-ஆம் நூற்றாண்டில் குடியேறிய மொரேவியக் கிறிஸ்தவர்கள் சுட்ட பிஸ்கட்டை அதன் முன்னோடி என்பார்கள். அதே சபையைச் சேர்ந்தவர்கள் 1760-ல் நமக்குத் தெற்கே, கொள்ளிடம் தாண்டித் தரங்கம்பாடிக்கும் வந்து தோட்டம் அமைத்துக் குடியிருந்தார்கள். அதற்கும் முன்னால், 1732-ல், அவர்கள் முதல் ஊழியத்துக்குக் கப்பலேறிப் போன இடம் கரீபியக் கடலில் டேனிஷ்காரர்களிடம் இருந்த செயின்ட் தாமஸ் தீவு. அங்கே கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்து விற்கப்பட்ட அடிமைகள். அந்தக் காலத்து ஐரோப்பிய, அமெரிக்கப் பலகாரங்களின் இனிப்பில் பெரும்பங்கு அப்படிப்பட்ட தீவுகளிலிருந்து வந்ததுதான். அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகு அந்தக் கத்தியைப் பிடிக்க நம்மவர்களைக் கூட்டிப்போனார்கள். அப்படி ஆட்களை ஏற்றிச் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ல் டர்பன் கரையைத் தொட்டது. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் கப்பல்கள் போயின. மொரீசியஸின் கரும்புக் காட்டில் தமிழ் பேசிய வெட்டாட்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் தைப்பூசக் காவடி எடுக்கிறார்கள். உலகத்தில் எந்தத் திருநாளின் இனிப்பை எடுத்தாலும் அதன் அடியில் குனிந்த முதுகுகள் இருந்திருக்கின்றன. அவற்றுள் நம்முடையவையும் உண்டு.

பொங்கல் வந்தால் கரும்பைக் கும்பிடுகிறோம், உண்மைதான். ஆனால் வாசலில் மஞ்சள் குலையோடு நிற்பது செங்கரும்பு. அரசு பொங்கல் தொகுப்பில் கொடுப்பதும் அதையே. நீங்கள் வெட்டுவது ஆலைக் கரும்பு. அதற்குக் கற்பூரமும் இல்லை, குலவையும் இல்லை. வருடம் முழுவதும் பிள்ளைகளின் பாலிலும் நோயாளியின் கஞ்சியிலும் கல்யாண வீட்டு கேசரியிலும் கலந்துபோவது அதுதான்.

2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் இன்னும் இறக்கப்படாமல் வீடுகளில் தொங்கிய நேரம். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, கரும்பு படுத்துவிட்டது. படுத்த கரும்பை வெட்டுவது நிற்கிற கரும்பை வெட்டுவதைப்போல இரண்டு மடங்கு பாடு. ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும், அடி எது நுனி எது என்று தேட வேண்டும், பாம்புக்கும் பயப்பட வேண்டும். அந்த வருடமும் வெட்டினீர்கள். அதற்கு இந்த ஊர் உங்களுக்கு ஒரு மாலைகூடப் போடவில்லை. இத்தனை வருடம் கழித்தாவது, என் வீட்டின் சார்பில், நன்றி.

கரும்பு நட்ட விவசாயிக்கும் என் நன்றி உண்டு. பத்து, பன்னிரண்டு மாதம் தண்ணீர் கட்டி, உரம் போட்டு, சோகை உரித்து, கடைசியில் வெட்டுக்கூலியையும் தன் கணக்கிலிருந்தே கொடுக்கிறவர் அவர். ஆலை பணம் தரத் தாமதித்தால் அவர் வட்டிக்கு வாங்கித்தான் உங்கள் கூலியைத் தர வேண்டும். ஆலைக்குள் சாற்றைக் காய்ச்சி, சுண்ணாம்பும் கந்தகப் புகையும் கொடுத்துத் தெளியவைத்து, குருணை திரட்டி, இரவு ஷிப்டிலும் கண்விழிக்கிற தொழிலாளர்களுக்கும் நன்றி. இவர்களை முன்பே சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் வரி உங்களுக்கென்று இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

நன்றியை வாயால் சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு ஒப்படைத்த 14 நாட்களுக்குள் விலையைக் கொடுக்க வேண்டும் என்கிறது. தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10.25 சதவீதச் சர்க்கரைப் பிழிதிறனுக்குக் குவிண்டால் 355 ரூபாய். இந்தப் பணம் 14 நாளில் விவசாயி கைக்கு வந்தால் உங்கள் கூலியும் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் முன்னால் உங்கள் கைக்கு வரும். தமிழ்நாட்டின் கூட்டுறவு, தனியார் ஆலைகள் எல்லாவற்றையும் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்த 14 நாளைக் காப்பாற்றுங்கள். வெட்டாட்கள் தங்கும் கொட்டகைக்குக் குடிநீரும் விளக்கும், பெண்களுக்கு மறைவான கழிப்பிடமும், கூட வரும் பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பள்ளியில் இடமும் கொடுங்கள். வெட்டுக்காயத்துக்குத் தையல் போடவும் ஊசி போடவும் வயலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி இருக்கட்டும்.

இதைப் படிக்கிற வீட்டுக்காரர்களே, இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் பிஸ்கட் சுட்டால் பக்கத்து வீடுகளுக்கு அனுப்பும் தட்டுகளோடு ஒரு தட்டைக் கூடுதலாகச் சுடுங்கள். கரும்பு வண்டி போகிற ரோட்டில் இருக்கிறவர்கள் அதை வண்டிக்காரர் கையில் கொடுத்தனுப்புங்கள்; வயலுக்குப் போய்ச் சேரும்.

அண்ணன்மார்களே, அக்காமார்களே, எங்கள் வீட்டுத் தட்டு உங்களுக்குத் தயாராக இருக்கும். வேலை முடிந்து திரும்பும்போது வண்டியை நிறுத்தி இறங்கி வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். டீயும் உண்டு.


சேத்தியாத்தோப்பிலிருந்து உங்கள் சகோதரி