'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திடுதல்

மருந்துத் தொழிற்சாலையில் ஒரு மருந்தின் பேட்ச் முடிந்து அடுத்த மருந்தின் பேட்ச் தொடங்கும் முன் சில மணி நேரம் எந்திரங்கள் நின்றிருக்கும். உற்பத்திக் கணக்கில் அது வீண் நேரம். ஒரு மாத்திரைகூட அப்போது வெளிவருவதில்லை. 'சேஞ்ச் ஓவர்' எனப்படும் இந்த இடைவெளியின் முடிவில் நிரப்பப்படும் படிவத்திற்கு 'லைன் கிளியரன்ஸ்' என்று பெயர். முந்தைய மருந்தின் மாத்திரை, தூள், லேபிள், அட்டைப்பெட்டி ஆகிய எதுவும் இவ்விடத்தில் இல்லை என்பதே அப்படிவம் சொல்லும் செய்தி. உற்பத்திப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் பார்த்துக் கையெழுத்திடுகிறார். தரஉறுதிப் பிரிவைச் சேர்ந்த மற்றொருவர் மறுபடி பார்த்துக் கையெழுத்திடுகிறார். அதன் பின்னரே எந்திரம் ஓடலாம்.

ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்ல அதைச் சுட்டிக்காட்டினால் போதும். இல்லை என்று சொல்வதற்குச் சுட்ட ஒன்றுமில்லை. இந்தியத் தருக்க மரபு இந்தச் சிக்கலை நெடுங்காலம் விவாதித்திருக்கிறது. தரையில் குடம் இல்லை என்பதை எவ்வாறு அறிகிறோம் என்ற வினாவுக்கு, குடம் காணப்படாமையே அந்த அறிவைத் தருகிறது என்று பாட்ட மீமாம்சகர் விடையளித்தனர். அதற்கு அனுபலப்தி என்று பெயரிட்டனர். ஆனால் ஒரு நிபந்தனையும் விதித்தனர்: பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலையில்தான் காணாமை சான்றாகும். இருட்டறையில் குடத்தைக் காணவில்லை என்பது எதையும் நிறுவுவதில்லை. லைன் கிளியரன்ஸ் படிவத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு நிபந்தனையில்தான் இருக்கின்றன.

மருந்துக்கூடத்தில் இருட்டறைகள் பல. மாத்திரை அழுத்தும் எந்திரத்தில் பஞ்ச் பொருந்தும் துளைகள், ஹாப்பரின் கழுத்து, தூசு உறிஞ்சும் குழாயின் வளைவு, கன்வேயர் பட்டையின் அடிப்புறம், பிளிஸ்டர் எந்திரத்தில் மாத்திரை வழுக்கிவரும் தடம், கழிவு மாத்திரைகள் விழும் பெட்டி என்று அவற்றை எண்ணிக்கொண்டே போகலாம். ஈரக் குருணையை உலர்த்தும் எந்திரத்தின் வடிகட்டும் துணிப்பைகளை எவ்வளவு துவைத்தாலும் நம்ப முடியாது என்பதால் நல்ல தொழிற்சாலைகள் மருந்துக்கொரு தனிப் பை வைத்துக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியாத எச்சத்திற்குத் துடைப்பு மாதிரி எடுத்து ஆய்வகத்தில் அளக்கும் முறை உண்டு. முந்தைய மருந்தின் மிகக் குறைந்த சிகிச்சை அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் அடுத்த மருந்தின் ஒருநாள் அளவில் சேரக்கூடாது என்பது 1993இல் எலி லில்லி நிறுவன ஆய்வாளர் இருவர் எழுதிய கட்டுரையால் பரவலான வரம்பு.

ஆயிரத்தில் ஒரு பங்கைப் பற்றிப் பேசும் இத்துறையில்தான் லாகூர் நிகழ்ந்தது. 2011 இறுதியிலும் 2012 தொடக்கத்திலும் அந்நகரின் பஞ்சாப் இதயவியல் நிறுவனத்தில் இலவசமாக மாத்திரை வாங்கிச் சென்ற ஏழை நோயாளிகள் இறக்கத் தொடங்கினர். இரத்தத் தட்டுகளும் வெள்ளணுக்களும் சரிந்தன, தோல் கறுத்தது. அதே 2011இல் லாகூரைப் பெரும் டெங்குத் தொற்று தாக்கியிருந்தது. அதிலும் இரத்தத் தட்டுகள் சரியும். லண்டனில் நடந்த ஆய்வுதான் விடை தந்தது. நெஞ்சுவலிக்கான 20 மில்லிகிராம் ஐசோசார்பைடு மாத்திரை ஒவ்வொன்றிலும் மலேரியா மருந்தான பைரிமெத்தமின் ஏறத்தாழ 50 மில்லிகிராம் இருந்தது. மலேரியாவைத் தடுக்க அம்மருந்தை முன்பு வாரத்திற்கு ஒருமுறை 25 மில்லிகிராம் கொடுத்துவந்தார்கள். இவர்களோ அறியாமலே அதைத் தினமும் விழுங்கினர். இறந்தோர் 200க்கும் மேல். இதற்கு மாற்று மருந்தும் உண்டு: ஃபோலினிக் அமிலம். எது கலந்தது என்று தெரியாதவரை அதைக் கொடுக்க ஒருவருக்கும் காரணம் இருந்திருக்காது.

இது எச்சம் அன்று, முழுப் பொருளின் கலப்பு. இரண்டும் வெண்ணிறத் தூள்கள். இவ்விரண்டையும் கண் பிரித்தறியாது. பீப்பாயின் மீதுள்ள லேபிளும் அதைப் படித்து ஒப்பிடும் ஆளுமே பிரித்தறிய முடியும். அமெரிக்காவில் 1941இல் சல்ஃபாதயசோல் மாத்திரைகளில் ஃபீனோபார்பிட்டால் கலந்து ஏறத்தாழ 300 பேர் இறப்புக்கோ பாதிப்புக்கோ உள்ளானதும் இதே வகைதான்.

லேபிளின் கதை வேறு. அங்கே இன்மையைக் கண்ணால் மட்டும் தேடுவதில்லை, எண்ணியும் தேடுகிறார்கள். கொடுத்தவை எத்தனை, ஒட்டியவை எத்தனை, கிழிந்தவை எத்தனை, மீதி எத்தனை என்று கூட்டும்போது ஒன்று குறைந்தால், அந்த ஒன்று எங்கோ இருக்கிறது என்று பொருள். எங்கே என்று தெரியாவிட்டாலும் இருக்கிறது என்பது உறுதி. மீமாம்சகர் கேட்ட நிபந்தனையை இந்த எளிய கூட்டல் நிறைவேற்றுகிறது.

இரண்டாம் கையெழுத்தின் நிலை அவ்வளவு உறுதியானதன்று. இருவர் தனித்தனியே பார்த்தால்தான் இரண்டு சான்றுகள். முதற்கையெழுத்தைப் பார்த்து இரண்டாமவர் கையெழுத்திட்டால் தாளில் இரண்டு பெயர்களும் கூடத்தில் ஒரு சோடிக் கண்களும்தான் இருக்கும். ஷிஃப்ட் முடியும் நேரத்தில், அடுத்த பேட்ச் தாமதமாகிறது என்று தொலைபேசி ஒலித்துக்கொண்டிருக்கும்போது, கன்வேயரின் அடியில் குனிந்து டார்ச் அடிக்கும் தரஉறுதி ஊழியரை எவரும் பாராட்டுவதில்லை. இதற்கு ஒழுக்கப் பாடம் நடத்துவதில் பயனில்லை; சேஞ்ச் ஓவருக்கான மணி நேரத்தை உற்பத்தி இலக்கிலேயே சேர்த்து எழுதுவதே வழி.

பார்த்து உறுதிசெய்வதற்கு ஓர் எல்லை உண்டென்று சட்டமும் ஒப்புக்கொள்கிறது. இந்தியாவில் 2023 டிசம்பரில் திருத்தி அறிவிக்கப்பட்ட எம் அட்டவணை, பெனிசிலின் போன்ற மருந்துகளுக்குத் தனி உற்பத்தி வசதியையே கேட்கிறது. ஒவ்வாமை உள்ளவருக்கு மிகச் சிறிய அளவே போதும் என்பதால், 'கழுவிவிட்டோம், இல்லை' என்ற வாக்கியத்தை அங்கே யாரிடமிருந்தும் அது ஏற்பதில்லை.

மற்ற மருந்துகளுக்கு அந்த வாக்கியம் நாள்தோறும் எழுதப்படுகிறது. அந்தப் படிவங்களைப் புரட்டும் தணிக்கையாளர் முதலில் தேட வேண்டியது, 'ஒரு மாத்திரை கண்டெடுக்கப்பட்டது; மறுபடி துப்புரவு செய்யப்பட்டது' என்ற பதிவை. ஓராண்டுக் கோப்பில் அப்படி ஒன்றுகூட இல்லையென்றால், அவர் கோப்பை மூடி வைத்துவிட்டு டார்ச்சுடன் கூடத்துக்குள் போகலாம்.