பெட்டி ரெண்டு, தெரு ஒண்ணு!

‘செக்மென்ட்’ என்றால் எனக்கு இன்னமும் கறுப்பு கோஆக்சியல் கேபிள்தான் ஞாபகம் வரும். 90-களில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆபீஸ் முழுக்க ஒரே கேபிள். அதிகபட்சம் 185 மீட்டர். எல்லா கம்ப்யூட்டரும் அதில்தான் தொங்கும். ஒன்று பேசினால் மற்றவை சும்மா இருக்க வேண்டும். இரண்டு ஒரே நேரத்தில் வாய் திறந்தால் மோதல். இரண்டும் நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலும். அந்த ஒரு கேபிள்தான் ஒரு செக்மென்ட். நுனியில் இருக்கும் டெர்மினேட்டரை யாராவது கழற்றிவிட்டால் மொத்த ஆபீஸும் ஊமையாகிவிடும் என்பது வேறு விஷயம்!

பிறகு ஸ்விட்ச் வந்தது. 1990 வாக்கில் பல போர்ட்டுகள் கொண்ட முதல் ஈதர்நெட் ஸ்விட்சைக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் கல்பனா. நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ், தன் மனைவியின் பெயரையே வைத்துவிட்டார்.

எந்தக் கம்ப்யூட்டர் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்ச் கவனித்து வைத்துக்கொண்டு, அங்கே மட்டும் அனுப்பும். மோதல் கணக்கில் பார்த்தால் ஒவ்வொரு போர்ட்டும் தனி செக்மென்ட். 24 போர்ட் என்றால் 24. ஆனால், ‘இந்த முகவரி யாருடையது?’ என்று ஒரு கம்ப்யூட்டர் எல்லோரையும் பார்த்துக் கேட்கும் பிராட்காஸ்ட், எல்லா போர்ட்டுக்கும் போகும். அந்தக் கூப்பாடு எட்டும் இடம் முழுவதையும் ஒரே செக்மென்ட் என்று சொல்பவர்களும் உண்டு. ஏமாற இடம் இங்கேதான்.

என் பேத்தி படிக்கும் பள்ளியில் அப்படித்தான் ஆனது. பிள்ளைகளின் லேப் தனி, மார்க், ஃபீஸ், வீட்டு விலாசம் எல்லாம் உள்ள ஆபீஸ் தனி என்று கேட்டிருக்கிறார்கள். வேலை எடுத்தவர் இரண்டு ஸ்விட்ச் மாட்டி, ‘தனித்தனி செக்மென்ட்’ என்று பில் போட்டுவிட்டார். இன்டர்நெட்டுக்காக இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்தும் விட்டார்! நான் போன அன்று, லேப் கம்ப்யூட்டரில் ஆபீஸ் பிரிண்டரும் ஷேர் ஃபோல்டரும் வரிசையாக நின்றன. ஹெட்மிஸ்ட்ரஸ் முகம் வெளுத்துவிட்டது.

“தனிப் பெட்டிதானே சார்?”

“பெட்டி தனிதான் மேடம். தெரு ஒண்ணுதான்.”

நல்லவேளை, வாங்கியிருந்தது வி-லேன் வசதி உள்ள ஸ்விட்ச். போர்ட்டுகளை இரண்டு வி-லேனாகப் பிரித்தால் ஒன்றின் கூப்பாடு மற்றதற்குக் கேட்காது. இங்கிருந்து அங்கே போக ரவுட்டர்தான் வழி. அங்கே தடை போட வேண்டும். போடாவிட்டால் அது தாராளமாக வழிவிடும், பிரித்ததே வீண்.

அதே ஆளை வரவழைத்தார்கள். பிள்ளைகள் சாப்பிட்டு வருவதற்குள் வேலை முடிந்தது. லேப்பில் உட்கார்ந்து தேடினேன்; ஆபீஸ் பிரிண்டர் இல்லை. ஷேர் ஃபோல்டரின் முகவரியை நேரடியாக அடித்தும் பார்த்தேன். திறக்கவில்லை.