சட்டம்பியாரின் தோம்பு

யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பிலிருந்து சங்கானைப் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை வண்டியை நிறுத்தி அங்குள்ள பழைய தேவாலயச் சுவர்களைப் பார்க்க வேண்டும். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வெயிலில் தனித்து நிற்கின்றன. போர்த்துக்கேயர் தொடங்கி, ஒல்லாந்தர் எடுத்து நடத்திய கோயில் அது. பண்டத்தரிப்பிலும் அப்படி ஒன்று இருந்தது. 1672இல் அச்சான ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயஸின் நூல் வலிகாமத்துக் கோயில்களோடு அதையும் சேர்த்துச் சொல்கிறது.

சாமி கும்பிடும் இடமென்று மட்டும் நினைத்தால் இந்தச் சுவர்கள் பாதிதான் பேசும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தக் கம்பனிக்கு ஒவ்வொரு கோயிற்பற்றும் ஒரு கச்சேரி. கோயிலோடு பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தில் ஆசிரியரான சட்டம்பியார், அவர் கையில் தோம்பு என்ற பதிவேடு. ஞானஸ்நானமும் கலியாணமும் அதில் ஏற வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத வீட்டுக்குத் தண்டம். பதியாத கலியாணத்தில் பிறந்த பிள்ளைக்கு முதுசம் கிடைப்பதே சிக்கல். காணிக்கு வேறு தோம்பு. தலைவரியும் ஊழியமும் அதற்கு மேலே. 1707இல் யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமை எழுத்தில் ஏறியபோது அடிமைகளைப் பற்றிய விதிகளும் சேர்ந்தே ஏறின. ஊர்வழக்காய்க் கிடந்த கொடுமைக்கு அரசாங்க முத்திரை கிடைத்தது. அந்த ஆவணத்தைப் பெருமையோடு பேசும்போது இதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

இதே கம்பனி 1641 முதல் யப்பானில், நாகசாகித் துறைமுகத்தின் தெசிமா என்ற சிறுதீவில் அடைபட்டு வணிகம் செய்தது. அங்கே தொக்குகாவா ஆட்சி கிறிஸ்தவத்தைத் தடைசெய்திருந்தது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்த விகாரையில் பெயர் பதிந்து, தான் கிறிஸ்தவக் குடும்பமல்ல என்று சான்று பெற வேண்டும். நாகசாகிச் சனங்கள் கிறிஸ்துவின் உருவத்தை மிதித்துக் காட்ட வேண்டும். ஏறக்குறைய ஐந்து வீடுகள் ஒரு குழு. ஒரு வீட்டுக் குற்றத்துக்கு எல்லா வீடும் பொறுப்பு. 1638இல் சிமபராவில் எதிர்த்து நின்ற கிறிஸ்தவ உழவர்கள்மேல் ஒல்லாந்தக் கப்பலும் பீரங்கி சுட்டது. அங்கே விகாரை, இங்கே தேவாலயம். ஏட்டைப் பிடித்த கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஏட்டுக்கு ஒரு முகம் காட்டி, வீட்டுக்குள் வேறாக வாழச் சனம் பழகிக்கொண்டது. விரத நாளில் சாப்பிட்ட வாழையிலையை ஆட்சியாளருக்குத் தெரியாதபடி கூரையில் செருகி மறைத்த கதையை ஆச்சிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அது சைவர்களின் கதை. பக்கத்து ஊரான சில்லாலையில் கத்தோலிக்கர்களின் கதை இன்னொன்று.

புரட்டஸ்தாந்த ஒல்லாந்தரின் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பது கடுங்குற்றமாக இருந்த நாளில், 1687இல், யோசேப் வாஸ் அடிகள் கோவாவிலிருந்து ஏழைக் கூலியாள் கோலத்தில் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலை தெரிய வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு எந்த வாசலில் முகம் மலர்ந்ததோ அதுவே அவர் தேடிய வீடு. சில்லாலை அவரை மறைத்து வைத்துக் காத்தது. பூசை இரவில் நடந்தது. 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்கள்மேல் படை பாய்ந்தது. பலர் சிறைப்பட்டார்கள், அடிகள் மட்டும் அகப்படவில்லை. 2015 சனவரியில் கொழும்புக் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

1796இல் இலங்கையில் கம்பனியின் பிடி விட்டதும் அதன் கோயில்கள் வெறிச்சோடிப் போயின. 1820இல் அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் குடியேறி நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். சில்லாலையில் கதிரைமாதா கோயில் இருக்கிறது. அங்கே இன்று பூசை பகலிலேயே நடக்கிறது.