இரண்டு அங்குலம் அகலம்

நின்றுகொண்டே துடுப்பு போடும் பலகை (ஸ்டாண்ட் அப் பேடில் போர்டு) பார்வைக்கு ரொம்ப சாதுவான சமாச்சாரம். விளம்பரப் படங்களில் அது எப்போதும் கண்ணாடி மாதிரி ஏரியில்தான் கிடக்கும். மேலே ஒருவர் யோகாசனம் செய்துகொண்டிருப்பார், இல்லாவிட்டால் ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்திருக்கும். அதே பலகையை ஹவாய் தீவுகளுக்கு நடுவே, 20, 25 நாட் காற்று அடிக்கும் திறந்த கடலில், காற்று போகிற திசையிலேயே ஓட்டினால்? அதற்கு டவுன்விண்ட் என்று பெயர். யோகாசனம் செய்த பலகை அங்கே பிரயோஜனப்படாது.

இந்த விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆடாத பலகை எது?" கடைக்காரர் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "அகலமானதை வாங்குங்கள்." பதில் தப்பில்லை. ஆனால் பாதிதான் சரி. மீதிப் பாதி கடலில் போய் விழுந்து விழுந்துதான் தெரியவரும்.

மாவி தீவின் வடகரையில் மாலிகோ என்ற சின்ன வளைகுடா இருக்கிறது. அங்கே இறங்கி கஹுலுயி துறைமுகம் வரை போகும் சுமார் 15 கி.மீ. ஓட்டம் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. வடகிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்று முதுகில் அடிக்கும். அது எழுப்பும் அலைகளும் அதே திசையில் ஓடும். அலையின் சரிவில் பலகையை வைத்துச் சறுக்கி, அது கரைந்ததும் அடுத்ததைப் பிடித்து... இப்படியே கரை வரை போய்விடலாம். பெரியவர்களின் ஓட்டம் கைவி கால்வாய். மொலோகாய் தீவிலிருந்து ஓவாஹு தீவு வரை 32 மைல், அதாவது 51 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். 1997 முதல் அங்கே துடுப்புப் பலகைப் போட்டி நடந்து வருகிறது. (ஆரம்பத்தில் படுத்துக்கொண்டு கையால் துழாவும் பலகைகள்தான். நிற்பவர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.)

இதில் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. இது ஒருவழிப் பாதை. ஏரியில் களைத்துப்போனால் திரும்பிவிடலாம். இங்கே முதுகில் தள்ளிய காற்று, திரும்பினால் நெஞ்சில் மோதும். நின்றபடி 20 நாட் காற்றை எதிர்த்துத் துடுப்பு போட்டு முன்னேறுவது பெரும்பாலானவர்களுக்கு முடியாத காரியம். கிளம்பினால் போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும். அதனால்தான் 'ஆடாத பலகை எது' என்ற கேள்வியை வெறும் சௌகரியக் கேள்வியாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

முதலில் கொஞ்சம் கணக்கு. (கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம், கோபமில்லை!) மிதக்கும் ஒரு பொருள் சாயும்போது அதை நிமிர்த்தும் சக்தி அதன் நீளத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். அகலத்துக்கோ மும்மடிப் பெருக்கமாகக் கூடும். 26 அங்குலப் பலகையை 28 அங்குலமாக்கினால் அகலம் கூடுவது 8 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் நிமிர்த்தும் சக்தி சுமார் 25 சதவீதம் ஏறிவிடும். 30 அங்குலமாக்கினால் ஒன்றரை மடங்குக்கும் மேல். அதனால்தான் இந்த விளையாட்டில் இரண்டு அங்குலத்துக்காக மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள்.

அதைவிட வேடிக்கை இன்னொன்று. கப்பல் கட்டுகிறவர்கள் மெட்டாசென்டர் என்று ஒரு புள்ளியைக் கணக்கிடுவார்கள். கலத்தின் மொத்த எடையின் மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருந்தால் கலம் தானாக நிமிரும், மேலே போனால் கவிழும். 26 அங்குலப் பலகைக்கு மோட்டாமோட்டியாகக் கணக்குப் போட்டால் அந்தப் புள்ளி நிற்பவரின் முழங்காலுக்குச் சற்று மேலே வரும். மனிதனின் எடை மையமோ தொப்புள் பக்கத்தில்! ஆக, ஒரு மரப்பொம்மையை அந்தப் பலகையில் நிற்க வைத்தால் அது விழுந்தே தீரும். மனிதன் விழாமல் நிற்பது பலகையின் புண்ணியத்தில் அல்ல. கணுக்காலும் இடுப்பும் ஓயாமல் செய்துகொண்டிருக்கும் சின்னச் சின்னத் திருத்தங்களால்தான். கட்டுமரத்தில் அலை தாண்டும் மீனவர் மண்டியிட்டுத் துடுப்பு போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். எடை மையம் கீழே இறங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. டவுன்விண்டில் தடுமாறும் கையாள்களும் அதையேதான் செய்கிறார்கள், சட்டென்று முழங்காலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் 32 அங்குலம் வாங்கிவிட்டால் கதை முடிந்ததா? இல்லை. இங்கேதான் கடலும் ஏரியும் பிரிகின்றன.

அகலமான, அடி தட்டையான பலகை எப்போதும் தண்ணீரின் மேற்பரப்போடு ஒட்டியே இருக்கப் பார்க்கும். ஏரியில் மேற்பரப்பு சமமாக இருப்பதால் பலகையும் சமமாக இருக்கும். கடலில் பக்கவாட்டிலிருந்து ஒரு அலை வந்தால் மேற்பரப்பே சாய்கிறது. விசுவாசமான அந்தப் பலகையும் கூடவே வெடுக்கென்று சாயும். மேலே நிற்பவர் மட்டும் நேராக நின்றுகொண்டிருப்பார், ஒரு விநாடிக்கு! அடிப்பகுதி கொஞ்சம் உருண்டையாக, ஓரங்கள் மொத்தமாக இருக்கும் பலகை ஆரம்பத்தில் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் அலையைத் தன் அடியில் நழுவ விட்டுவிடும். ஓர் அளவுக்கு மேல் சாய்ந்தால் மொத்தமான ஓரம் தண்ணீரில் அமுங்கித் தாங்கிப் பிடிக்கும். கடையில் ஐந்து நிமிஷம் நின்று பார்ப்பவருக்கு முதல் பலகைதான் பிடிக்கும். கடலில் ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவதுதான் பிடிக்கும்.

ஏரிப் பந்தயத்துக்காகச் செய்த 14 அடிப் பலகைகளும் இதே மாதிரி ஏமாற்றும். நேராக வெட்டும் கூர்மையான மூக்கு, பெட்டி மாதிரி ஓரங்கள், 22, 23 அங்குல அகலம். தட்டைத் தண்ணீரில் அம்பு மாதிரிப் போகும். அலைச்சரிவில் இறங்கும்போது அந்த மூக்கு முன்னால் இருக்கும் அலையின் முதுகில் குத்தி நிற்கும், அல்லது ஒரு பக்கமாகப் பிடித்து இழுக்கும். டவுன்விண்டுக்கென்று செய்யும் பலகைக்கு மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும் (ராக்கர் என்பது இந்த வளைவுதான்). மூக்கில் கன அளவும் நிறைய வேண்டும், குத்தினாலும் மேலெழும்ப.

இன்னொரு விஷயம் கால் வைக்கும் இடம். மூன்று விநாடிக்கு ஒன்றாக வரும் அலையின் முகடு ஆழ்கடலில் மணிக்கு சுமார் 17 கி.மீ. வேகத்தில் ஓடும், நான்கு விநாடி அலை 22 கி.மீ.க்கு மேல். துடுப்பு போடுபவரின் சொந்த வேகம் எட்டு, ஒன்பதுதான். அலை பின்புறத்தைத் தூக்கும் அந்த நொடியில் நாலு அழுத்தமான தள்ளு தள்ளினால்தான் அதைப் பிடிக்க முடியும். பிடித்த அலையும் நிலைக்காது. முகடு ஓடும் வேகத்தில் பாதி வேகத்தில்தான் அலையின் சக்தி நகர்கிறது. அதனால் ஒவ்வொரு முகடும் கூட்டத்தின் முன்னால் ஓடிப்போய்க் கரைந்துவிடுகிறது. உடனே அடுத்ததைத் தேட வேண்டும். பிடிக்கும்போது ஓர் அடி முன்னால், சறுக்கும்போது இரண்டடி பின்னால் என்று கால்கள் நடந்துகொண்டே இருக்கும். ஆகவே, நடுவில் அசையாமல் நிற்கும்போது ஆடாமல் இருப்பது மட்டும் போதாது. ஒரு காலைத் தூக்கிப் பின்னால் வைக்கும்போதும் ஆடக்கூடாது. வால் பக்கம் ரொம்பக் குறுகிப்போன பலகைகள் இந்தப் பரீட்சையில்தான் தோற்கும். நிற்கும் இடத்தைத் தொட்டி மாதிரிக் குழிவாக்கிய பலகைகளில் எடை மையம் தாழும், நல்லதுதான். ஆனால் குழியின் விளிம்பு காலடியைத் தடுக்கும், உள்ளே விழும் தண்ணீர் வெளியேறவும் வழி வேண்டும்.

நீளத்தைப் பலர் வேகத்துக்காக மட்டும் பார்க்கிறார்கள். 14 அடிப் பலகைக்குப் பதில் 17 அடி என்றால் நிமிர்த்தும் சக்தி 20 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, கிட்டத்தட்ட இரண்டு அங்குல அகலத்துக்குச் சமம்! வேகமும் குறைவதில்லை. கைவியில் காலால் திருப்பும் சுக்கான் வைத்த நீளப் பலகைகள் செல்வாக்குப் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அவற்றை வீட்டில் வைக்க இடமும், காரில் ஏற்ற இன்னொரு ஆளும் வேண்டும். அதுவுமில்லாமல் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு மாதிரி இடங்களில் காற்று மேற்கிலிருந்து, ஆறு கிழக்கிலிருந்து. இரண்டும் மோதி அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். அங்கே நீளப் பலகை ஒரே நேரத்தில் இரண்டு அலைகளில் மாட்டிக்கொள்ளும். முதல் பலகைக்கு 14 அடியே போதும்.

சரி, எத்தனை அங்குலம்? சாதாரண உடல்வாகுள்ள ஒருவர் முதல் டவுன்விண்ட் பலகையாக 14 அடி, 27 அல்லது 28 அங்குலம் எடுப்பது புத்திசாலித்தனம். கனமானவர்கள் 30 வரை போகலாம். கன அளவு உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல் போதாதா என்றால், அலைகளில் இன்னும் கொஞ்சம் அதிகமாக இருப்பது நல்லது. 80 கிலோ ஆளுக்கு 250 முதல் 300 லிட்டர். அதற்கும் மேலே போனால் பலகை தக்கை மாதிரி உயர நின்று, பக்கக் காற்றில் அலைக்கழியும். காற்றடைக்கும் ரகங்கள் அலையில் நடுவில் வளைந்து கொடுக்கும், அவை ஏரிக்கே இருக்கட்டும்.

"28 அங்குலம் மெதுவாகப் போகுமே" என்று சங்கடப்படுபவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மாலிகோ ஓட்டம் 90 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். குறுகலான பலகை 3 சதவீதம் வேகம் என்றால் மிச்சமாவது இரண்டே முக்கால் நிமிஷத்துக்கும் கீழே. ஒருமுறை விழுந்து, ஏறி, எழுந்து, மறுபடி வேகம் பிடிக்க அரை நிமிஷம். ஆறு முறை விழுந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு. இதில் களைப்பைச் சேர்க்கவே இல்லை. விழுந்தபின் ஏறுவது துடுப்பு போடுவதைவிட உடம்பை அதிகம் உறிஞ்சும். களைத்த கால் இன்னும் அதிகம் விழும். பலகையைத் தேர்ந்தெடுக்க வேண்டியது முதல் பத்து நிமிஷத்துக் காலுக்காக அல்ல, கடைசி அரை மணி நேரத்துக் காலுக்காக. கைவியின் கடைசிப் பகுதியில் ஓவாஹுவின் பாறைச் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் எல்லாப் பக்கமும் குதிக்கும். நாலைந்து மணி நேரம் நின்ற கால்களோடு அந்த இடத்தைத் தாண்ட வேண்டும்.

வாங்கும் முன் சோதிக்க முடிந்தால் தட்டைத் தண்ணீரில் சோதிக்கவே வேண்டாம். காற்றுள்ள நாளில், கரைக்குப் பக்கத்தில், பலகையை அலைகளுக்குக் குறுக்கே நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டு அரை நிமிஷம் நிற்க வேண்டும். ஓடும் பலகையை வேகமும் துடுப்பும் தாங்கும், நிற்கும் பலகையில்தான் குட்டு வெளிப்படும். பிறகு ஓர் அடி பின்னால், ஓர் அடி முன்னால். கடைசியாக, வேண்டுமென்றே பத்து முறை விழுந்து ஏறிப் பார்க்க வேண்டும். பத்தாவது முறையும் எழுந்து நிற்க முடிந்தால் பலகை பொருத்தம்தான். ஃபின் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் ஆட்டம் அடங்கும் என்பதும் உண்மை. பலகையை மாற்றுவதற்கு முன் அதை மாற்றிப் பார்ப்பது மலிவு.

எவ்வளவு ஆடாத பலகையானாலும் ஒருநாள் விழாமல் இருக்காது. அப்போது பலகைக்கும் மனிதனுக்கும் நடுவில் இருப்பது லீஷ் என்ற கயிறு ஒன்றுதான். அது அறுந்தால் 20 நாட் காற்றில் பலகை ஓடும் வேகத்துக்கு யாராலும் நீந்த முடியாது. கெண்டைக்காலிலோ இடுப்பிலோ கட்டும் அந்தக் கயிறு பழையதாக இருந்தால் பலகைக்குச் செலவழித்ததில் அர்த்தமே இல்லை. 2008-லேயே அமெரிக்கக் கடலோரக் காவல்படை இந்தப் பலகையைக் 'கலம்' என்று வகைப்படுத்தி, அலைச்சறுக்குப் பகுதிக்கு வெளியே மிதவை அங்கி எடுத்துப்போவதைக் கட்டாயமாக்கியது. சும்மா செய்யவில்லை. 1978 மார்ச்சில் ஹோகுலேயா என்ற பாய்மரக் கலம் மொலோகாய்க்குத் தெற்கே கவிழ்ந்தபோது, உதவி தேடி சர்ஃப் பலகையில் கிளம்பிய எடி ஐகாவ் திரும்பி வரவே இல்லை. அவர் வைமியா வளைகுடாவின் உயிர்காப்பாளர், அந்தத் தலைமுறையின் தலைசிறந்த கடல் வீரர்களில் ஒருவர்.

புதுப் பலகைதான் வேண்டும் என்றில்லை. பழகிக்கொண்டவர்கள் ஒன்றிரண்டு பருவத்தில் குறுகலான பலகைக்கு மாறிவிடுவார்கள், நிறைய பேர் இப்போது அடியில் இறக்கை வைத்த ஃபாயில் பலகைகளுக்கே போய்விட்டார்கள். அவர்கள் விற்கும் 28 அங்குலங்கள் நல்ல விலைக்குக் கிடைக்கும். வாங்கும்போது மூக்கிலும் ஓரங்களிலும் ஒட்டுப்போட்ட இடங்களை அழுத்திப் பார்க்க வேண்டும், முடிந்தால் எடை போட்டும் பார்க்க வேண்டும். கம்பெனி சொன்ன எடையைவிட ஒரு கிலோ கூடுதலாக இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கலாம். சிலர் மட்டும் விற்க மாட்டார்கள். கொட்டகையில் 24 அங்குலத்துக்குப் பக்கத்தில் அதையும் சாத்தி வைத்திருப்பார்கள், காற்று 30 நாட்டைத் தொடும் நாளுக்காக.