கிணறு ஒண்ணு... பங்காளிங்க நாற்பது நாடு!

ஒரு சின்னக் கேள்வி. ஜெனீவா பக்கத்துல, பூமிக்குக் கீழே சுமார் நூறு மீட்டர் ஆழத்துல ரெண்டு புரோட்டான் மோதிக்கிச்சுன்னா, அந்த மோதலுக்குக் கணக்குப் போடுறது யாரு? 'அங்கேயே இருக்குற சயின்டிஸ்ட்தான்'னு சொன்னீங்கன்னா, நீங்களும் எங்க க்ளாஸ் பசங்க கட்சி. விஷயம் அப்படி இல்லை. மும்பை கொலாபாவுல இருக்குற டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் (டி.ஐ.எஃப்.ஆர்.) கொல்கத்தாவுல இருக்குற வி.இ.சி.சி.-யும் அந்தக் கணக்குல பங்காளிங்க!

எல்.ஹெச்.சி. பத்தி ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. 27 கிலோமீட்டர் வளையம். அது ஓடும்போது ஒரு செகண்டுக்கு நூறு கோடி மோதல் வரைக்கும் நடக்கும். அதுல கிட்டத்தட்ட எல்லாத்தையும் அந்த இடத்துலயே தூக்கிப் போட்டுடுவாங்க. அப்படிப் போட்டும் மிச்சம் இருக்குற டேட்டா, செர்ன் ஆராய்ச்சி மையத்தோட கம்ப்யூட்டர்களால தாங்க முடியாத அளவு! அவங்ககிட்ட இருக்குறது மொத்தத் தேவையில சுமாரா 20 சதவிகிதம்தான். மீதிக்கு? உலகம் பூரா 40-க்கும் மேற்பட்ட நாடுகள்ல, ஏறக்குறைய 170 கம்ப்யூட்டர் மையங்கள். எல்லாத்தையும் கூட்டினா சுமார் 14 லட்சம் பிராசஸர் கோர். இதுக்குப் பேரு உலகளாவிய எல்.ஹெச்.சி. கம்ப்யூட்டிங் கிரிட். 2012 ஜூலை 4-ம் தேதி ஹிக்ஸ் போஸான் மாதிரி ஒரு துகள் கிடைச்சதா அறிவிச்சாங்களே... அன்னிக்கு செர்னோட டைரக்டர் ஜெனரலா இருந்த ரோல்ஃப் ஹாயர், துகள்முடுக்கி, சோதனைக் கருவிகள் ரெண்டுக்கும் சமமா இந்த கிரிட்டையும் சேர்த்துத்தான் பாராட்டினார்.

நீங்க கம்ப்யூட்டர் சயின்ஸா இருந்தா இந்நேரம் 'எத்தனை ஜி.பி.பி.எஸ். லிங்க்? என்ன ஸ்டோரேஜ்?'னு கேட்க ஆரம்பிச்சிருப்பீங்க. நானும் அதைத்தான் முதல்ல தேடினேன். ஆனா, என்னைத் தூங்கவிடாம பண்ணது வேற. இந்த நாற்பது நாட்டுக்கும் 'ஏய், மெஷினை ஆஃப் பண்ணாதே'ன்னு அதட்ட ஒரு ஆள் கிடையாது. செர்ன் ஒருங்கிணைக்கும், அவ்வளவுதான். எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்குற ஒப்பந்தத்துலயே 'இது சட்டப்படி கட்டுப்படுத்தாது'ன்னு எழுதியிருக்கு! கோர்ட்டுக்கும் போக முடியாத ஒரு பத்திரத்தை நம்பி, அவனவன் கோடிக்கணக்குல மெஷின் வாங்கிப் போட்டு, அவனவன் ஊர் கரன்ட் பில்லைக் கட்டி, முகம் தெரியாதவனுக்கு ஓட்டிக் குடுக்குறான். எப்படி பாஸ் இது?

எனக்கு ஏன் இது இவ்வளவு உறுத்துதுன்னா... எங்க வீட்டுல ஒரு பங்குக் கிணறு இருந்துச்சு.

கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம் போற வழியில, கல்வராயன்மலை அடிவாரத்துல எங்க ஊர். கரும்பும் மரவள்ளியும்தான் பயிர். தாத்தா வெட்டின கிணத்துல பெரியப்பா, எங்க அப்பா, சித்தப்பா மூணு பேருக்கும் பங்கு. ஆளுக்கு ரெண்டு நாள் முறை. மும்முனை கரன்ட்டு வர்ற நேரத்தை வச்சு மணிக்கணக்கு. பல வருஷம் சண்டையே இல்லை. அப்புறம் பெரியப்பா தன்னோட 5 ஹெச்.பி. மோட்டாரைக் கழட்டிட்டு 7.5 ஹெச்.பி. போட்டார். முறை அதே ரெண்டு நாள்தான். ஆனா, அவர் முறை முடிஞ்சு நாங்க போய்ப் பார்த்தா கிணத்துல புட்பால்வு தெரியும். 'நான் என் நேரத்துலதானே எறச்சேன்'னு அவர். 'நேரம் ஒண்ணுதான்... தண்ணி ஒண்ணா'ன்னு எங்க அப்பா. பேச்சு நின்னுச்சு. ஆளுக்கொரு போர் போட்டாங்க. இப்போ அந்தக் கிணத்துக்குள்ள வேலிக்காத்தான் முளைச்சுக் கிடக்குது.

இதே பிரச்னை கிரிட்லயும் உண்டு! இந்தியா ஆயிரம் கோர் குடுக்குது, இத்தாலி ஆயிரம் கோர் குடுக்குதுன்னு வைங்க. ரெண்டும் சமமா? இந்தியா வாங்கினது பழைய மாடலா இருக்கலாம், இத்தாலி போன மாசம் வாங்கியிருக்கலாம். அதனால அவங்க மணிக்கணக்கும் பார்க்குறதில்லை, எண்ணிக்கையும் பார்க்குறதில்லை. 2009-ல இருந்து எல்லாருக்கும் பொதுவா ஒரு அளவுகோல் வச்சாங்க. இயற்பியல் வேலைக்கு ஒரு மெஷின் எவ்வளவு உழைக்கும்னு மார்க் போடுற புரோகிராம் அது. நாளாக நாளாக அந்த அளவுகோலுக்கும் வயசாயிடுச்சு, புது பிராசஸருக்கு அது சரியா மார்க் போடலைன்னு தெரிஞ்சதும், 2023-ல அதையும் மாத்தினாங்க. இப்போ நிஜமான சோதனைகள்ல ஓடுற புரோகிராம்களையே மெஷின்ல ஓட்டிப் பார்த்து மார்க் போடுறாங்க. 'ஆனாலும் பழைய மெஷின் வச்சிருக்கவங்களுக்குப் பழைய கணக்கே செல்லும்'னு ஒரு சலுகையும் குடுத்தாங்க. எங்க பெரியப்பா மோட்டார் மாத்தின அன்னிக்கு ஊர்ப் பெரியவங்க யாராச்சும் உட்கார்ந்து இப்படி ஒரு கணக்குப் போட்டிருந்தா... சரி, விடுங்க.

ஒவ்வொரு வருஷத்துக்கும் முன்னாடியே, 'நான் இவ்வளவு பிராசஸர், இவ்வளவு டிஸ்க் தர்றேன்'னு ஒவ்வொரு நாடும் வாக்குக் குடுக்கணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை பணம் போடுற நாடுகளோட ஆளுங்க உட்கார்ந்து, யார் சொன்னதைச் செஞ்சாங்க, யார் செய்யலைன்னு பார்ப்பாங்க. மும்பை, கொல்கத்தா மாதிரி ரெண்டாம் அடுக்கு மையங்கள் 95 சதவிகித நேரம் உயிரோட இருக்கணும். மெயின்டனன்ஸுக்கு நிறுத்துறதா இருந்தா முன்கூட்டியே பொதுப் பட்டியல்ல எழுதி வைக்கணும். அபராதமா? ஒண்ணும் கிடையாது. ஆனா, யார் மையம் எத்தனை சதவிகிதம்னு மாசாமாசம் எல்லாருக்கும் தெரியும். நம்ம ஊர்ல 'மானம் போயிடும்டா'ன்னு சொல்வாங்கல்ல, அதுதான் அங்கே போலீஸ்!

அடுத்த சிக்கல் இன்னும் பெருசு. புனேவுல இருக்குற ஒரு ரிசர்ச் ஸ்காலர் ஒரு வேலையை அனுப்புறாங்க. அது ஸ்பெயின்ல ஒரு மெஷின்ல போய் ஓடுது. அந்த மெஷினுக்குப் பொறுப்பா இருக்குறவருக்கு இவங்க யாருன்னே தெரியாது. வைரஸ் அனுப்பினா? இதுக்காக 2005-ல மூணு கண்டத்துக்காரங்க சேர்ந்து ஒரு நம்பிக்கைக் கூட்டமைப்பு தொடங்கினாங்க. ஆசிய - பசிபிக் பகுதிக்கு அதுல ஒரு கிளை. பெங்களூருல சி-டாக் நடத்தின இந்திய கிரிட் சான்றிதழ் ஆணையத்துக்கு 2008-ல அந்தக் கிளை அங்கீகாரம் குடுத்துச்சு. அந்த மாதிரி ஆணையத்துல சான்றிதழ் வாங்கணும்னா போட்டோ ஒட்டின அடையாள அட்டையோட நேர்ல போய் நிக்கணும், ஒருத்தர் உங்க முகத்தைப் பார்த்து உறுதி பண்ணணும். ஆகாயத்துல பறக்குற டெக்னாலஜிக்கு அடியில, நம்ம தாலுகா ஆபீஸ்ல சாதிச் சான்றிதழ் வாங்குற அதே நடைமுறை! எனக்கு இதைப் படிச்சப்போ சிரிப்பு வந்துச்சு. ஆனா, யோசிச்சா இதைவிட எளிசா வேற வழி இல்லை. இந்தியாவுல ஒருத்தர் முகத்தைப் பார்த்துட்டார், அதை ஸ்பெயின் நம்புது. (இப்போ சான்றிதழுக்குப் பதிலா 'டோக்கன்' முறைக்கு மாறிக்கிட்டு இருக்காங்க. அதுலயும் அடையாளத்தை யாரோ ஒருத்தர் உறுதி பண்ணித்தான் ஆகணும்.)

பங்காளிச் சண்டை அங்கே வராதான்னு கேட்டீங்கன்னா, வந்துச்சு. உக்ரைன் போருக்கு அப்புறம், ரஷ்யாவோட இருந்த ஒத்துழைப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம்னு செர்ன் முடிவு பண்ணுச்சு. 2024 நவம்பர் 30-ம் தேதியோட அது முடிஞ்சுது. அதே சமயம், ரஷ்ய மண்ணுல துப்னா நகரத்துல இருக்குற பன்னாட்டு அணு ஆய்வு நிறுவனத்தோட இருந்த ஒப்பந்தத்தை வெட்டலை. அது சரியா தப்பான்னு அங்கேயே ரெண்டு கட்சி. எனக்கு என்ன தோணுதுன்னா, மொத்தமா மூடுறதும் தப்பு, ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்குறதும் தப்பு. அவங்க நடுவுல ஒரு கோடு போட்டாங்க. அந்தக் கோடு கோணலா இருக்கலாம். ஆனா, கிணத்தை மூடலையே.

இதெல்லாம் பெரிய இடத்து சமாசாரம். கள்ளக்குறிச்சிப் பையனுக்கு அதுல என்ன வேலைன்னு நீங்க கேட்கலாம். எங்க லேப்லயும் கேட்டாங்க. எந்த காலேஜ்னு மட்டும் கேட்காதீங்க, எனக்கு இன்டர்னல் மார்க் வேணும்! சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பூட்டினா மறுநாள் காலை வரைக்கும் அறுபது கம்ப்யூட்டரும் சும்மா கிடக்கும். 'சார், நைட்ல இதுல ஐன்ஸ்டைன் அட் ஹோம் ஓட்டலாமா?'ன்னு கேட்டேன். சாதாரண ஆளுங்களோட கம்ப்யூட்டர் சும்மா இருக்குற நேரத்தைக் கடன் வாங்கி, விண்வெளியில பல்சர் தேடுற திட்டம் அது. 2005-ல தொடங்கினது. ஆராய்ச்சி மையங்களே இதைச் செஞ்சிருக்கு சார்னு உதாரணம் வேற சொன்னேன். 2020-ல கொரோனா வந்தப்போ எல்.ஹெச்.சி. நிறுத்தத்துல இருந்துச்சு. அங்கே சும்மா நின்ன கம்ப்யூட்டர்களை, வைரஸ் புரதத்தை ஆராயுற ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்துக்கு இரவல் குடுத்தாங்க. சார் பொறுமையா கேட்டார். 'நம்ம மெஷின்ல எவனோ புரோகிராம் ஓட்டுவானா? போய் ரெக்கார்டு நோட்டை முடி'ன்னு அனுப்பிட்டார்.

சரின்னு, எங்க அக்காவுக்கு ப்ளஸ் டூ-வுல அரசாங்கம் குடுத்த பழைய லேப்டாப்புல போட்டேன். அம்மா கேட்ட முதல் கேள்வி: "கரன்ட் பில்லு யாருடா கட்டுறது?" செர்ன்ல நாற்பது நாடும் வருஷக்கணக்கா பேசின கேள்வியை எங்க அம்மா அரை நிமிஷத்துல கேட்டுட்டாங்க!

இந்தத் திட்டத்துல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு சொல்றேன். கிரிட்ல முகம் பார்த்து நம்புறாங்க. இங்கே யாரையுமே நம்புறதில்லை! ஒரே வேலையை முன்பின் தெரியாத ரெண்டு கம்ப்யூட்டருக்கு அனுப்புவாங்க. ரெண்டு விடையும் ஒத்துப்போனாத்தான் ஏத்துக்குவாங்க. 2010-ல இப்படி முதல் பல்சர் கிடைச்சப்போ, பெருமை அமெரிக்காவுல அயோவாவுல இருந்த ஒரு கணவன் - மனைவிக்கும், ஜெர்மனியில இருந்த ஒருத்தருக்கும் சேர்த்துப் போச்சு. அவங்க ரெண்டு பக்க மெஷினும் அதே டேட்டாவை அலசி அதே விடையைச் சொல்லியிருந்துச்சு. டேட்டா வந்தது போர்ட்டோ ரிக்கோவுல இருந்த அரெசிபோ தொலைநோக்கியில இருந்து!

என் க்ளாஸ்மேட் ஒருத்தன் கல்வராயன்மலைக்காரன். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகணும் அவன் ஊருக்கு. வீட்டுல டவர் கிடைக்காது. ஆன்லைன் க்ளாஸ் காலத்துல பாறை மேல ஏறி உட்கார்ந்து படிச்சவன். 'உங்க ஊர்ல இதெல்லாம் வேலைக்காகாதுடா'ன்னு நாங்க சொல்றதுக்குள்ள அவனே கண்டுபிடிச்சுட்டான்: இதுக்கு நெட் எப்பவும் வேண்டாம். வேலையை ஒரு தடவை இறக்கிக்கிட்டா, லேப்டாப் மணிக்கணக்கா தானா ஓட்டிக்கிட்டிருக்கும். முடிச்சதை அனுப்ப மட்டும்தான் நெட் வேணும். வெள்ளிக்கிழமை ஹாஸ்டல்ல இறக்கிக்கிட்டுப் போவான். சனி, ஞாயிறு மலையில ஓடும். ஞாயித்துக்கிழமை பஸ்ல கீழே இறங்கும்போது, கரியாலூருக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவுல டவர் வரும். அங்கே ஜன்னலோரம் போனைத் தூக்கிப் பிடிச்சு ஹாட்ஸ்பாட் போட்டு அனுப்பிடுவான். இதுவரைக்கும் பல்சர் எதுவும் மாட்டலை. ஆனா, அவனோட ஒரு விடையைச் சரிபார்த்த ஜோடி மெஷின் பின்லாந்துக்காரருது. 'மாப்ள... பின்லாந்துல எனக்கு ஒரு பங்காளிடா'ன்னு ஹாஸ்டல் பூரா சொல்லிக்கிட்டுத் திரியுறான்.

போன வாரம் லேப் சார் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு என்ன தோணுச்சோ, 'எழுதிக் குடு, பார்க்கலாம்'னார். எத்தனை மெஷின், எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும், கரன்ட் எவ்வளவு ஆகும், ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பொறுப்பு... நாலு கேள்வி. முதல் மூணுக்கும் பதில் எழுதிட்டேன்: 12 மெஷின், ராத்திரி எட்டுல இருந்து காலை ஆறு, ஒரு மெஷின்ல மீட்டர் வச்சு அளந்துட்டுச் சொல்றேன். நாலாவதுக்கு நான், மலைக்காரன், இன்னும் ரெண்டு பேர்னு நாலு ரோல் நம்பர் போட்டு கையெழுத்து வாங்கணும். ரெண்டு கையெழுத்து வாங்கியாச்சு. மூணாவது ஆள் 'நான் எதுக்குடா?'ன்னு கேட்டுக்கிட்டிருக்கான். திங்கக்கிழமை குடுக்கணும்.