பெயரட்டையில் எரியும் விளக்கு

புத்தொழில் மாநாடு ஒன்றின் இடைவேளை. அரங்கிற்கு வெளியே, கையில் தேநீர்க் கோப்பையுடன் ஓர் இளைஞர் தனியே நிற்கிறார். தொடங்கி ஓராண்டுகூட ஆகாத தம் சிறு நிறுவனத்தின் கையிருப்பிலிருந்து நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் கொடுத்து வந்திருப்பவர் அவர். சுற்றிலும் மனிதர்கள் வட்டம் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். எல்லா வட்டங்களும் வெளியே நிற்பவருக்கு முதுகையே காட்டுகின்றன. அவரை வாட்டும் சிக்கலை முன்பே கடந்து வந்த ஒருவர் அக்கூட்டத்தில் இருக்கக்கூடும். அவர் யார் என்று தெரியவில்லை. தெரிந்தாலும், முதற்சொல்லை எப்படித் தொடங்குவது? கோப்பை காலியாகிறது. இளைஞர் திறன்பேசியை எடுத்து, படிப்பதற்கு எதுவுமில்லாத திரையைப் படிக்கத் தொடங்குகிறார்.

இவருக்கு உதவுவதற்கென்று எத்தனையோ செயலிகள் வந்துவிட்டன. அவற்றுள் பல ஒரே நம்பிக்கையின்மீது எழுப்பப்பட்டவை: ஒத்த விருப்பம் உடையோரைக் காட்டிவிட்டால் போதும், பேச்சு தானே பிறந்துவிடும் என்பது அது. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் இங்ராம், மைக்கேல் மோரிஸ் ஆகிய இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இந்நம்பிக்கையை அசைத்துப் பார்க்கிறது. நிறுவன நிர்வாகிகள் ஏறத்தாழ நூறு பேர் கூடிய மாலை விருந்து ஒன்றில், யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்பதை அவர்கள் அணிந்திருந்த மின்னணுப் பெயரட்டைகளே பதிவு செய்தன. புதியவர்களைச் சந்திப்பதே நோக்கம் என்று விருந்துக்கு முன்னர் மிகப் பெரும்பாலோர் சொல்லியிருந்தனர். ஆனால், விருந்தில் அவர்கள் நாடிச் சென்றதென்னவோ பழைய நண்பர்களைத்தான். இன்னொன்றும் தெரிய வந்தது. தம்மைப் போன்ற கல்வியும் பணியும் உடையவர்களையே அவர்கள் தேடிச் சென்றதற்குப் பொதுவான சான்று கிடைக்கவில்லை. ஆக, தடையாக நின்றது வேற்றுமை அன்று, அறிமுகமின்மை.

நம் திருமண வீடுகளில் இத்தடையை நீக்குவதற்கென்றே ஒரு பெரியவர் இருப்பார். ஓரமாக நிற்பவரின் கையைப் பற்றி அழைத்துச் சென்று, “இவர் நம் மதுரை மாமாவின் மருமகன், உங்கள் ஊர்ப் பள்ளியில்தான் வேலை பார்க்கிறார்” என்று சொல்லிவிட்டு, அடுத்த விருந்தினரை வரவேற்கப் போய்விடுவார். அவர் அங்கேயே நின்று மேலும் பேசியிருந்தால் அந்த அறிமுகம் பாழாகியிருக்கும்!

அப்பெரியவரின் வேலையை ஒரு கருவியால் செய்ய முடியுமா? 1990களின் நடுவில், அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஊடக ஆய்வகத்தில் ரிக் போரோவாய், மிட்செல் ரெஸ்னிக் முதலியோர் அதைச் செய்து பார்த்தனர். (பின்னாளில் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த ஸ்கிராட்ச் நிரல்மொழியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இந்த ரெஸ்னிக்தான்.) அவர்கள் வடிவமைத்தது, ‘சிந்திக்கும் அட்டை’ என்னும் பெயரட்டை. விருந்தினர்கள் முதலில் சில எளிய கேள்விகளுக்குரிய விடைகளைத் தம் அட்டையில் பதிந்துகொள்வார்கள். பின்னர் இருவர் எதிரெதிரே நிற்கும்போது, இருவர் அட்டைகளும் அகச்சிவப்புக் கதிர்வழியே தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும். விடைகள் ஒத்திருந்தால் பச்சை விளக்கும், மாறுபட்டிருந்தால் சிவப்பு விளக்கும் எரியும். அவ்வளவே.

பார்வைக்கு விளையாட்டுப் பொருள்போல இருந்தாலும் அதன் அமைப்பில் நுட்பம் உண்டு. விளக்கு எரிவது அணிந்தவரின் மார்பில். அதை எளிதாகக் காண்பவர் எதிரில் நிற்பவர். எனவே இருவரும் தலைநிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்தே ஆக வேண்டும். ஏன் எரிகிறது என்பதை விளக்கு விவரிப்பதில்லை. மூன்று பச்சையும் இரண்டு சிவப்பும் தெரிந்தால், “எதில் மாறுபட்டோம்?” என்று ஒருவர் கேட்காமல் இருப்பாரா? கூச்சம் மிகுந்தவருக்கும் முதற்சொல் கிடைத்துவிடுகிறது.

2012ஆம் ஆண்டு மார்ச்சில், டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நடந்த ‘சவுத் பை சவுத்வெஸ்ட்’ மாநாட்டில் பெரிதும் பேசப்பட்ட ‘ஹைலைட்’ செயலி வேறு வழியில் சென்றது. பால் டேவிசன் நிறுவிய அச்செயலி, அருகில் இருப்பவரின் பெயர், படம், ஃபேஸ்புக்கில் இருவருக்கும் பொதுவான நண்பர்கள், விருப்பங்கள் ஆகியவற்றைத் திரையில் காட்டியது. பின்னணியில் ஓயாது இயங்கியதால் மின்கலம் விரைவில் தீர்கிறது என்பது பயனர்களின் குறை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்குமுன்னரே சொல்லிவிட்ட பின் பேசுவதற்கு என்ன இருக்கிறது? தம்மைப் பற்றி இவ்வளவும் அறிந்த அந்நியர் ஒருவர் நெருங்கி வரும்போது ஒரு பெண் தொழில்முனைவோருக்கு எழும் அச்சத்தையும் எளிதாகக் கருதிவிட இயலாது. 2016இல் ஹைலைட் குழுவினர் பின்ட்ரஸ்ட் நிறுவனத்தில் இணைந்தனர்.

தொழில்முனைவோருக்கான கருவியில் கடினமான பகுதி இனித்தான் வருகிறது. ‘உங்கள் துறை எது?’ என்ற கேள்வியால் பெரும் பயன் இல்லை. ‘இப்போது எதில் சிக்கித் தவிக்கிறீர்கள்?’ என்பதே பயனுள்ள கேள்வி. ஆனால் முதலீட்டாளர்கள் உலவும் அரங்கில் எந்த நிறுவனர் அதற்கு உண்மையாக விடை எழுதுவார்? ‘அடுத்த மாதச் சம்பளத்திற்குப் பணமில்லை’ என்றோ, ‘உடன் தொடங்கிய நண்பர் விலகிவிட்டார்’ என்றோ எழுதினால், அதுவே அவருடைய முகவரியாகிவிடாதா? இங்கேதான் அந்தப் பழைய அட்டையின் மௌனம் கைகொடுக்கிறது. விடை எவர் திரையிலும் தோன்ற வேண்டியதில்லை. அச்சிக்கலைக் கடந்தவர் என்று தம்மைப் பதிந்துகொண்ட ஒருவர் எதிரில் வந்து நிற்கும்போது, இருவர் அட்டையிலும் ஒரு விளக்கு மட்டும் எரியலாம். வேண்டாதபோது அதை அணைத்துவைக்கும் விசையும் அணிந்தவர் கையிலேயே இருக்கட்டும்.

காலிக் கோப்பையுடன் நிற்கும் இளைஞர் அப்போது திரையிலிருந்து தலையை நிமிர்த்துவார். எதிரில் நிற்பவரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவரே தீர்மானித்துக்கொள்வார்.