மூன்று சீசன், 27 புள்ளி

சென்னையின் எஃப்சி 2022-23 ஐஎஸ்எல் சீசனில் எடுத்தது 27 புள்ளி. அடுத்த சீசனில் 27. அதற்கும் அடுத்த 2024-25 சீசனில் மறுபடியும் 27. மூன்று முறையும் ஒரே எண்ணில் வந்து நின்றாலும், அதை எட்ட முதலில் 20 ஆட்டங்கள் போதுமாயிருந்தன, பிறகு 22 தேவைப்பட்டன, கடைசியில் 24. இடம் முறையே எட்டு, ஆறு, பதினொன்று. இந்தக் கணக்கை அட்டவணையில் பார்ப்பவருக்கு இது சுமாரான அணி; அவ்வளவுதான். முதல் சீசனிலிருந்து பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்துவரும் ரசிகருக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடுகிற தூரம் கூடிக்கொண்டே போக, கிடைப்பது மட்டும் கூடாமல் நிற்கிறதே, அது எங்கே வடிகிறது என்பதுதான் அவருடைய கேள்வி.

அவர் உட்காருவது கேலரியின் மேல்வரிசையில். புதிதாக வருபவர்கள் கீழே, மைதானத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இடம் தேடுவார்கள். நேரு ஸ்டேடியத்தில் அதனால் பெரிய லாபமில்லை. தடகள ஓடுபாதை குறுக்கே கிடப்பதால் முதல் வரிசைகூட ஆட்டத்திலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. மேலே ஏறினால் வீரரின் முகம் தெரியாது. ஆனால் பதினோரு பேரும் ஒரே சமயத்தில் தெரிவார்கள். இந்தத் தொழிலுக்கு, அதாவது தோற்றுக்கொண்டிருக்கும் அணியைப் பொறுமையாகப் பார்க்கும் தொழிலுக்கு, அதுதான் முதல் தேவை.

இரண்டாவது தேவை பந்திலிருந்து கண்ணை எடுப்பது. சொல்வது சுலபம். சென்னையின் வீரர் ஒருவர் இடதுபக்கம் பந்தோடு பறக்கும்போது மொத்த கேலரியும் எழுந்து நிற்கும், மேளம் வேகமெடுக்கும். அந்த நேரத்தில் அவர் பார்ப்பது நடுக்கோட்டை. ஃபுல்பேக் இருவரும் மேலே போய்விட்டார்களா? பின்னால் இருக்கும் இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் யாராவது நிற்கிறார்களா, இல்லை அங்கே காலி மைதானமா? பந்து பறிபோன அடுத்த சில நொடிகளில் அந்த காலி இடத்தில் எதிரணியின் ஆள் பந்தை வாங்கித் திரும்பிவிட்டால், கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும் திட்டம் உடைந்துவிட்டது என்று அர்த்தம். தொலைக்காட்சியில் இதைப் பார்க்க முடியாது. கேமரா பந்தை விடாது. கோவிட் காலத்து 2020-21 சீசன் முழுவதும் கோவாவில், ஆளில்லாத மைதானங்களில் நடந்தது. அந்த சீசனில் சென்னையின் 20 ஆட்டங்களில் 11 டிரா, அடித்த கோல் மொத்தம் 17. வீட்டில் உட்கார்ந்து பார்த்த அவருக்கு நினைவில் நிற்பது வெறும் எரிச்சல்தான், காரணம் அல்ல.

சென்னையின் எஃப்சியின் வரலாறு விழுந்து எழும் கதையாகத்தான் எப்போதும் சொல்லப்படுகிறது. சொல்லத் தோதான கதைதான். 2015-இல் கோச் மத்தராட்ஸியின் அணி சீசன் பாதி கடந்தபோது அட்டவணையின் அடியில் கிடந்தது. சென்னை வெள்ளத்தால் அரையிறுதியின் உள்ளூர் ஆட்டம் புணேவுக்குப் போனது. அங்கே கொல்கத்தாவின் ஏடிகேவை 3-0 என்று வென்றார்கள். ஃபதோர்டாவில் நடந்த இறுதியில் 87-ஆவது நிமிடத்தில் கோவாவிடம் 1-2 என்று பின்தங்கி, ஒரு சேம்சைடு கோலாலும் இஞ்சுரி டைமில் மென்டோசா அடித்த கோலாலும் கோப்பையைத் தூக்கினார்கள். 2019-20-இல் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது 5 புள்ளி. கோச் ஜான் கிரெகரி விலகி ஓவன் காயில் வந்தார். லீக் முடிவில் 29 புள்ளி, நான்காவது இடம், பிறகு இறுதிப்போட்டி. இப்படி இரண்டு முறை நடந்துவிட்டதால் ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு மோசமான தொடக்கத்திலும் கேலரியில் யாராவது, “இரு மச்சான், 2015 மாதிரி வரும்” என்பார்கள்.

வராது என்பது இவர் கட்சி. வந்தாலும் அடுத்த சீசனுக்கு ஒன்றும் மிஞ்சாது.

2018-இல் சாம்பியன், அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் 9 புள்ளி, கடைசி இடம். கோச் அதே கிரெகரி. நடுக்கள வீரர் தனபால் கணேஷ் முழங்கால் காயத்தில் ஒதுங்கினார். முந்தைய சீசனில் 9 கோல் போட்டிருந்த ஸ்ட்ரைக்கர் ஜேஜே லீக்கில் ஒரே ஒரு கோலோடு முடித்தார். 2020-இல் இறுதிப்போட்டிவரை கொண்டுபோன காயில் அந்த ஆண்டே ஜாம்ஷெட்பூருக்குப் போனார். 15 கோல் அடித்து தங்கக் காலணி வாங்கிய வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். 2021-22-இல் லீக் ஷீல்டை வென்றது காயிலின் ஜாம்ஷெட்பூர். சென்னையில் 2019-க்கும் 2023-க்கும் இடையில் கோச் ஐந்து முறை மாறினார்: கிரெகரியிடமிருந்து காயில், பிறகு லாஸ்லோ, பாண்டோவிச், பிர்தாரிச், மறுபடி காயில். பாண்டோவிச் சீசன் முடியும்வரைகூட இல்லை. மிச்ச ஆட்டங்களை சபீர் பாஷா பார்த்துக்கொண்டார். பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் கொல்லையில் தென்னை வைக்கமாட்டார். இந்த கோச்சுகளும் அப்படித்தான்; உடனே பலன் தரும் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரைத்தான் முதலில் கேட்பார்கள்.

இங்கேதான் ரசிகரின் உண்மையான புகார் தொடங்குகிறது. அது கோச் மேல் இல்லை. போனவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள் என்பார். விங்கர் சாங்க்தே 2022 ஜனவரியில் மும்பை சிட்டிக்குப் போனார். 2022-23-க்கான அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் சிறந்த வீரர் விருது அவருக்கு. கோல்கீப்பர் விஷால் கைத் அதே ஆண்டு கொல்கத்தாவுக்குப் போய், போன முதல் சீசனிலேயே தங்கக் கையுறை வாங்கினார். 2016-இல் பையனாக வந்து இங்கேயே வளர்ந்த நடுக்கள வீரர் அனிருத் தாபா 2023-இல் மோகன் பகானில் சேர்ந்தார். அந்த அணி அடுத்தடுத்து இரண்டு லீக் ஷீல்டுகளை வென்றது. கோல்கீப்பர், நடுக்களம், விங். மூன்று இடத்திலும் இந்திய அணிக்கு ஆடியவர்களை வைத்திருந்த கிளப், அந்த மூன்றையும் ஒன்றரை ஆண்டுக்குள் காலி செய்துகொண்டது. பணம், ஒப்பந்தம், வீரரின் விருப்பம் என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். அதை அவர் மறுக்கவில்லை.

அவர் சொல்வது நேரத்தைப் பற்றி. 2017-18-இல் களத்தில் ஐந்து வெளிநாட்டவர் ஆடலாம் என்றிருந்தது. 2021-22 முதல் நான்கு பேர்தான். ஏழு இந்தியர்கள் கட்டாயம். லீக்கின் கணக்கே மாறிவிட்ட நேரம் அது. நல்ல இந்திய வீரரின் மதிப்பு கூடிக்கொண்டிருந்த அந்த வேளையில்தான் சென்னையின் அவர்களை இழந்தது.

விளைவை மேல்வரிசையிலிருந்து பார்க்கலாம். காயிலின் ஆட்டமுறை வேகமானது: பந்து கிடைத்ததும் நேரே முன்னால், இரண்டு விங்கிலும் ஆள், பாக்ஸுக்குள் கிராஸ். ஓடினால் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். 2024 நவம்பரில் ஜாம்ஷெட்பூரில் போய் 5-1 என்று அடித்தார்கள். 2024-25-இல் லீக்கிலேயே அதிக அசிஸ்ட் தந்தவர் சென்னையின் கானர் ஷீல்ட்ஸ், மொத்தம் 8. இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு 13 அணிகளில் பதினொன்றாவது வருவது லேசான காரியமில்லை! ஆனால் இந்த ஆட்டத்துக்கு நடுவில் தாபா மாதிரி ஒருவர் தேவை. மேலே போனவர்கள் திரும்பும்வரை அந்த காலி இடத்தில் ஓடித் திரிய ஓர் ஆள். அப்படி ஒருவர் இல்லாதபோது முன்னால் ஐந்து பேர், பின்னால் ஐந்து பேர் என்று அணி இரண்டாகப் பிளக்கும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? கேலரியில் கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் நல்ல ஃபாரின் ஸ்ட்ரைக்கர் என்பார்கள். இவர் 2018 மார்ச் 17-ஐ எடுத்துப் போடுவார். பெங்களூரு ஸ்ரீகண்டீரவாவில் இறுதிப்போட்டி. எதிரே லீக்கில் எட்டுப் புள்ளி முன்னால் முடித்திருந்த பெங்களூரு எஃப்சி, அவர்கள் சொந்த மைதானம், ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரியின் கோல். அதன்பிறகு நெல்சன் எடுத்த கார்னர்களில் மைல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ தூரத்திலிருந்து ஒன்று, 3-2. எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அந்தத் தலையடிகள். இவருக்கு ஞாபகம் இருப்பது அன்று இறங்கிய பதினோரு பேரின் வரிசை. ஐந்து வெளிநாட்டவரில் மூன்று பேர், மைல்சன், செரெனோ, கால்டெரோன், தடுப்பாட்டத்தில். நடுவில் பிக்ரம்ஜித்தும் வியாசர்பாடி தனபால் கணேஷும். முன்னால் ஒற்றை ஸ்ட்ரைக்கராக ஜேஜே. கோப்பை வென்ற அணியின் தலையில் நின்றவர் மிசோரம்காரர், அதன் முதுகெலும்பில் நின்றவர் சென்னைக்காரர்.

சென்னைப் பையன்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் இன்னும் கொஞ்சம் சூடாவார். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் வெற்றி கோலை அடித்தவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். கொல்கத்தா கொண்டாடிய அந்த ராத்திரி சென்னையில் எத்தனை பேருக்கு அவர் நம்ம ஊர்க்காரர் என்று தெரிந்திருக்கும் என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருக்கமாட்டார்.

ஆகவே அவர் திட்டம் இது: நான்கு வெளிநாட்டு இடங்களில் இரண்டு சென்டர்பேக்குக்கு, ஒன்று அவர்களுக்கு முன்னால் நிற்கும் நடுக்கள வீரருக்கு, மிச்சம் ஒன்று ஷீல்ட்ஸ் போல பந்து தரத் தெரிந்தவருக்கு. ஸ்ட்ரைக்கர் இந்தியர். பக்கத்து சீட்டுப் பையன் இதை எப்போதும் ஒப்புக்கொள்வதில்லை.

“ஜேஜே ஒருத்தர்தான் ணா. இப்போ அப்படி யார் இருக்காங்க?”

“இர்ஃபான் யாத்வாட்டை விங்குல ஓடவிட்டே பாத்துட்டு இருக்கோம். ஒரு சீசன் முழுக்க நடுவுல நிக்க வெச்சுப் பாரு தம்பி, அப்புறம் பேசலாம்.”

“கோல் விழலன்னா?”

“இப்போ மட்டும் என்ன விழுது? 0-0-ன்னா ஒரு புள்ளியாவது வரும். 27-ல இருந்து 28.”